பதினான்காம் குழுவின் கடைசி அட்டை

இன்னொருவனுடைய வாக்கை இந்தக் கை தொட்டதில்லை. என் வாக்கை இன்னொருவன் தொட நான் விட்டதுமில்லை. நாலாயிரம் வருட வரலாறு உள்ளதாகப் பாடப்புத்தகம் சொல்கிற எங்கள் நாட்டில், நாம் தின் என்ற நகரத்து ஆலைக் குடியிருப்பின் பதினான்காம் குழுவில், நெஞ்சில் கை வைத்து இப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். போன தேசிய சபைத் தேர்தலின்போது எனக்குப் பதினாறு வயது, ஆகவே தொடுவதற்கோ தொட விடுவதற்கோ என்னிடம் வாக்கே இருக்கவில்லை என்று சிலர் சுட்டிக்காட்டக்கூடும். அப்படிப்பட்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை சாயங்காலம் ஹுவே அத்தையின் பீர்க் கடையில் இதைத்தான் விரிவாக எடுத்துச் சொன்னேன். ஹனோயில் மூன்றாம் வருடம் படிக்கிறேன் என்றாலும் என் பெயர் இன்னும் வீட்டுப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அதனால் வாக்களிக்க ஊருக்கு வரும்படி ஆயிற்று. கேட்பதற்கு ஆறு பேர் இருந்தார்கள். கடைக்காரியையும் சேர்த்தால் ஏழு.

எங்கள் குடியிருப்பில் தேர்தல் எப்படி நடக்கிறது என்று அவர்களுக்கே விளக்கினேன். வீட்டுக்கு ஒருத்தர் போவார். குடும்பத்தின் வாக்காளர் அட்டைகளையெல்லாம் சீட்டாட்டக்காரன் மாதிரி விசிறியாகப் பிடித்திருப்பார். ஏழு அட்டை உள்ளவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். ஒற்றை அட்டைக்காரர் அவருக்கு வழி விடுவார். ஐந்து வேட்பாளரில் மூவர் ஜெயிக்க வேண்டும் என்பதால் வாக்குச்சீட்டில் இரண்டு பெயரை அடிக்க வேண்டும். அந்த இருவர் அடிபடுவதற்கென்றே வந்தவர்கள் என்பது அவர்கள் உட்பட எல்லோருக்கும் தெரியும். அப்பாமார் ஏழு சீட்டையும் அடுக்கி வைத்து, முருங்கைக்காய் நறுக்குவதுபோல வரிசையாக அடித்துத் தள்ளிவிட்டு, சந்தைக்குப் போய்விடுவார்கள். மனைவி, மகள், மாமியார், ராணுவத்தில் இருக்கும் தம்பி என எல்லோரும் அந்த ஒரு பேனாவில் வாக்களித்துவிடுவார்கள். ஊர் மொத்தமும் நூறு சதவீதம். உலகத்தில் எந்தப் பேனாவும் இத்தனை ஜனநாயகத்தைச் சுமந்ததில்லை.

ஐந்து பேர் சிரித்தார்கள். ஹுவே அத்தை, குவளையைக் கழுவிக்கொண்டே, நான் குடித்ததற்குக் காசு வைத்துவிட்டு ஜனநாயகத்தைப் பற்றிப் பேசலாம் என்றாள். சிரிக்காத ஒரே ஆள் தியேப். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன்; இருபத்தைந்து வயது. அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்ச்சேர்ந்துவிட்டதால் கடைக்குப் பின்னாலேயே தனியாக இருக்கிறான். வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உடைத்து, தின்னாமல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அப்போ போகாமலே இருந்துட்டா?" என்று கேட்டான்.

"அதுதாண்ணே சுத்தம்," என்றேன். "போகாம இருக்கறவன்தான் இந்த ஊர்ல நெசமாவே வோட்டுப் போட்டவன்."

நல்ல வாக்கியம்தான். இன்றைக்கும் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவன் தலையாட்டினான். என் சொற்பொழிவைக் கேட்டு ஒருவன் தலையாட்டியது அதுவே முதல் தடவை. நான் இன்னொரு குவளை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்கு ஒலிபெருக்கி எழுந்துவிட்டது. அணிவகுப்புப் பாட்டு, பிறகு குடிமக்களின் உரிமை பற்றி ஒரு பெண் குரல், பிறகு மறுபடி பாட்டு. நான் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கொள்கைக்காகத் தூங்கினேன். எழுந்தபோது ஏழு. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து சூடாக நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஆலையில் முப்பது வருடம் தறி மெக்கானிக்காக இருந்தவர். உரக்கச் சொல்ல வேண்டியதையெல்லாம் தறிச் சத்தத்தில் சைகையிலேயே சொல்லிப் பழகியவர். சாப்ஸ்டிக்கை நீட்டி மேசையைக் காட்டினார். என் வாக்காளர் அட்டை கிடந்தது. அதன் மேல் 'வாக்களித்தார்' என்று சிவப்பு முத்திரை.

நான் ஐந்து இருபதுக்கே வாக்களித்துவிட்டிருந்தேன்.

என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம் என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். கிண்ணத்தில் இருந்த கடைசி வெங்காயத் தாளையும் எடுத்துத் தின்றார்.

"சரி, யாரை அடிச்சிருக்கணும்?" என்று கேட்டார்.

எனக்கு ஐந்து பேரில் ஒருவர் பெயரும் தெரியாது. அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பும் புகைப்படமும் மூன்று வாரமாக எங்கள் மாடிப்படி அருகில்தான் ஒட்டியிருந்தன. நான் அந்தச் சுவரில் சைக்கிளைத்தான் சாய்த்திருக்கிறேன்.

"அப்பறம் என்னடா," என்று சொல்லிவிட்டு அப்பா கிண்ணத்தைக் கழுவப் போனார்.

ஆக, என் பெருமையில் இரண்டாவது பாதி விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டது. முதல் பாதி மட்டும் பழுதில்லாமல் இருந்தது. இன்னொருவன் வாக்கை நான் இன்னும் தொடவில்லை.

இனி எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா, பெயர் ஞான், அவள்தான் பதினான்காம் குழுவின் தலைவி. சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாத வேலை. மாடிப்படியில் யார் குப்பை கொட்டினார்கள், யார் வீட்டுக்கு வெளியூர் விருந்தாளி வந்து பதிவு செய்யாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. தேர்தலில் குழுவின் இருநூற்றுப் பதினோரு பேரும் வாக்களிப்பது அவள் பொறுப்பு. பத்து மணிக்குள் வாக்களிப்பது என்பது எழுதப்படாத பொறுப்பு. பத்து மணிக்கு வார்டு அலுவலகம் மாவட்டத்துக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லும்.

இதில் கவலைப்பட எதுவும் இருந்திருக்காது, தோவா அக்காவின் காகிதம் இல்லாவிட்டால். என் அக்காவுக்குத் தைவானில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் மூன்று வருட வேலை கிடைத்திருந்தது. குடும்ப விவரமும் நன்னடத்தையும் எழுதிய அவளுடைய காகிதத்தில் வார்டு முத்திரை வேண்டும். திங்கள் மதியத்துக்குள் அது ஹனோயில் ஏஜென்சி கையில் இல்லையென்றால், அவள் இடத்துக்கு வேறு பெண் போய்விடுவாள்; பட்டியலில் காத்திருப்பவர்கள் ஏராளம். காகிதம் பதினைந்து நாளாக வார்டு துணைத் தலைவர் பாங்கின் மேசையில் இருந்தது. அம்மா மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "தேர்தல் வேலைங்க்கா. எல்லாம் நல்லபடியா முடியட்டும், திங்கக்கெழமை பாக்கலாம்," என்றார்.

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அம்மா அன்றிரவு தூங்கியிருப்பாள். நல்லபடியாக என்றால் எவ்வளவு என்று சொல்லாமல் விட்டதுதான் அவளைத் தின்றது. தொண்ணூற்றெட்டு நல்லபடியா? தொண்ணூற்றொன்பது? சனிக்கிழமை முழுதும் பட்டியலில் விரல் வைத்து எண்ணிக்கொண்டே இருந்தாள்.

எட்டரைக்கு ஒலிபெருக்கி அறிவித்தது. பதிமூன்றாம் குழு நூறு சதவீதம். பதினைந்தாம் குழு நூறு சதவீதம். பதினான்காம் குழு தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்து. அந்தப் புள்ளி ஐந்தை அந்தப் பெண் தனியாக நிறுத்திச் சொன்னாள். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவே படியேறி வந்துவிட்டாள். கையில் சிவப்புப் பட்டை; முகத்தில் ரத்தமே இல்லை. விடியற்காலையில் அவளுக்குக் கொடுத்தனுப்பிய ஒட்டரிசிச் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே கையிலிருந்தது. வாக்களிக்காத அந்த ஒருவன் தியேப். கடை பூட்டியிருக்கிறது. கதவில் 'மீன் பிடிக்கப் போயிருக்கிறேன்' என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறான். நோயாளிகளுக்கென்று வீடு வீடாகத் தூக்கிப்போகும் சின்ன வாக்குப் பெட்டியை அவன் கதவு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டார்கள். வேறு வீடாக இருந்தால் அம்மா இருப்பாள், அண்ணன் இருப்பான், யாராவது அட்டையோடு வந்திருப்பார்கள். அவனுக்கு யாரும் இல்லை. அட்டையும் அவனிடம். அட்டை இல்லாமல் வாக்குச்சீட்டு கொடுக்க முடியாது. பாங் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இவ்வளவையும் அம்மா ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வியாழக்கெழமை ஹுவே கடையில அவன்கிட்ட என்னடா பேசினே?"

ஹுவே அத்தை தேர்தல் வேலைக்காகக் காலையிலிருந்து வாக்குச்சாவடியில் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சும்மா பொதுவாகப் பேசினோம் என்றேன். அம்மா சோற்றுப் பொட்டலத்தை மேசையில் என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் அடித்திருந்தால் தேவலை.

தோவா அக்கா இத்தனை நேரமும் திரும்பிப் பார்க்காமல் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட் படத்துக்காக வாங்கிய சட்டை. ஒரே காலரை எத்தனையாவது தடவையாகத் தேய்க்கிறாள் என்று தெரியவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு, ஊரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து குளம் இருக்கிறதே, எங்கே என்று போவது எனக் கேட்டேன். யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை.

"ஆத்து மதகுகிட்டப் பாரு," என்றாள் அக்கா. "வடக்குப் பக்கம், இடிஞ்ச படிக்கட்டு இருக்குல்ல, அங்க. என் சைக்கிளை எடுத்துக்கோ."

படியிறங்கும்போது அதில் எதுவும் தோன்றவில்லை. சந்தையைத் தாண்டி மிதிக்கும்போதுதான் அந்தச் சைக்கிளின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எட்டு வருடப் பழைய சைக்கிள். ஒரு கிறீச் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. செயினில் எண்ணெய் மின்னியது. பெடல் இரண்டும் புதுசு. போன வருடம் இது ஏழு தடவை தியேப் கடைக்குப் போயிருக்கிறது. பழுது பார்க்க இதில் மிச்சம் என்ன இருந்தது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஊரில் நடக்கும் அபத்தங்களையெல்லாம் கண்டுபிடிப்பதில் நான் அத்தனை மும்முரமாக இருந்தேன்.

மதகை அடைந்தபோது ஒன்பது ஐந்து. வடக்குப் பக்கம் இடிந்த படிக்கட்டில் தியேப் உட்கார்ந்திருந்தான். தூண்டில் தண்ணீரில் இருந்தது. பக்கத்தில் வாளி காலி.

"வாடா லாம்," என்றான். "நீயும் போகலையா?"

நான் போய்விட்டேன், அதாவது அப்பா என்னை ஐந்து இருபதுக்கே அனுப்பிவிட்டார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவன் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். வியாழக்கிழமை சொன்னதைத் தத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டும், நடைமுறையாக அல்ல என்றேன். ஒரு வாக்கால் எதுவும் மாறாது என்பதால் அதைப் போட்டுவிடுவதிலும் தவறில்லை என்றேன். நான்காவது பீருக்கு மேல் பேசியது எதுவும் கணக்கில் வராது என்றும் சொன்னேன். ஹனோயில் விவாதப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். அன்று என்னையே எதிர்த்துப் பேசித் தோற்றுக்கொண்டிருந்தேன். மணி ஒன்பது பன்னிரண்டு.

கடைசியில் அக்காவின் காகிதத்தைச் சொன்னேன்.

"தெரியும்," என்றான் தியேப்.

தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னான். பாங்கின் மோட்டார் சைக்கிள் அவனிடம்தான் பழுதுக்கு வருகிறது. மேசையில் எந்தக் காகிதம் எதற்காகக் காத்திருக்கிறது என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சுதான் வரலையா?"

"நீ வியாழக்கெழமை நல்லாத்தான்டா பேசினே. எனக்கு வேண்டிய மட்டும் எடுத்துக்கிட்டேன்."

ஆற்றில் ஒரு மணல் படகு போயிற்று. அது கண்ணுக்கு மறையும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்தோம். என் சொல் கேட்டு ஒருவன் மாறினான் என்று மூன்று நாளாக உள்ளுக்குள் வைத்திருந்த கர்வம் அங்கேயே அந்தப் படிக்கட்டில் இறங்கிப் போயிற்று. அதற்காக வருத்தப்பட நேரம் இல்லை. மணி ஒன்பது பதினாறு.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"என்ன தெரியணும்? பிரேக் கட்டை தேஞ்சிருக்குன்னு சொன்னா பிரேக் கட்டை மாத்துவேன். அவ்வளவுதான் நாங்க பேசியிருக்கோம்." கொஞ்சம் நிறுத்தினான். "நெசமாச் சொல்லு. அவளுக்குப் போகணும்னு இருக்கா? உங்க வீட்ல எல்லாரும் சொல்றீங்க. அவ சொல்லி நான் கேட்டதில்லை."

நானும் கேட்டதில்லை. பொய் சொல்லியிருக்கலாம், பொய் எனக்கு நன்றாக வரும். ஆனால் அவன் இப்போது திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காய் நறுக்கும்போது அவள் சீன மொழியில் நூறு வரை எண்ணுகிறாள். அறுபதுகளில் தடுமாறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். அதனால் எங்கள் வீட்டில் காய் ரொம்பப் பொடியாக இருக்கிறது. பை மார்ச் மாதமே கட்டியாகிவிட்டது. போன மாதம் ஏஜென்சிக்காரன் தேதியைத் தள்ளியபோது, "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனாள்.

"தண்ணி ஓடுற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு," என்றேன். "மத்தியானம் ரெண்டு மணி. நம்ம குடியிருப்புல அந்த நேரம் குழாயில தண்ணியே வராதுண்ணே. ஒரே வாளித் தண்ணியை மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டே இருந்திருக்கா."

தியேப் தூண்டிலைச் சுருட்டினான். முள்ளில் இரையே இருக்கவில்லை. மீன் தின்றதா, முதலிலிருந்தே மாட்டவில்லையா என்று நான் கேட்கவில்லை. புழு வைத்திருந்த தகர டப்பாவின் மூடியைத் திறந்து, அதன் உள்பக்கம் செருகியிருந்த அட்டையை எடுத்தான். கிழித்துப் போடுவதற்குத்தான் கொண்டு வந்திருப்பான். கிழிக்கவில்லை. ஈர மண் ஒட்டியிருந்ததைப் பேன்ட்டில் துடைத்து நீட்டினான்.

"வாண்ணே, பின்னாடி உக்காரு. நான் மிதிக்கிறேன்."

"நான் வரல."

"நீ வராம எப்படி?"

"என் கையால கோடு போட்டு அவளை அனுப்ப மாட்டேன். அட்டையத்தான் குடுத்துட்டேனே. நீ போடு."

"நானா? இன்னொருத்தன் அட்டையை நான்..."

அவன் காத்திருந்தான். நான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். மணி ஒன்பது இருபத்தேழு.

போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒன்பது முப்பத்தாறு. எனக்கு முன்னால் ஒரு கோழி வியாபாரி, இரண்டு பக்கமும் கூடை கட்டிய மோட்டார் சைக்கிளில். கோழிகள் ஒரு சதவீதம்கூடப் பதற்றமில்லாமல் என்னைப் பார்த்தன. சரக்கு ரயில். முப்பத்திரண்டு பெட்டிவரை எண்ணினேன். அதன்பிறகு எண்ண முடியவில்லை, ஏனென்றால் ஒலிபெருக்கி பன்னிரண்டாம் குழுவையும் நூறு என்று சொல்லிவிட்டது. இப்போது வார்டிலேயே மிச்சம் எங்கள் குழு மட்டும்தான். கையைப் பைமேல் வைத்து அட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி பார்த்தேன். கேட் ஏறியபோது ஒன்பது நாற்பத்திரண்டு.

வாக்குச்சாவடியாக்கியிருந்த மன்றக் கூடத்தின் வாசலில் பூந்தொட்டிகளும் கொடிகளும் இருந்தன, ஆள்தான் இல்லை. எல்லோரும் ஏழு மணிக்குள் ஜனநாயகத்தை முடித்துக்கொண்டு சமையலுக்குப் போய்விட்டார்கள். உள்ளே அம்மா கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எங்கள் குழுவுக்கு நேராக இருந்த 99.5-ஐ மறைக்கிற மாதிரி நின்றாள். பாங் வெளிர் நீல அரைக்கைச் சட்டையில், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். யாரையும் வற்புறுத்தக் கூடாது, வாக்களிப்பது அவரவர் உரிமை என்று அம்மாவிடம் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நேராக மேசைக்குப் போய் அட்டையை வைத்தேன். அதிலிருந்து லேசாக மீன்புழு வாசனை வந்தது.

வாக்குச்சீட்டு கொடுக்கும் மேசையில் ஹுவே அத்தை. அட்டையில் இருந்த பெயரைப் படித்தாள். பிறகு என்னைப் படித்தாள். வியாழக்கிழமை நான் பேசியது ஒவ்வொரு சொல்லும் அவள் முகத்தில் எழுதியிருந்தது. அவள் வேண்டுமென்றால் அதை அங்கேயே பாங் காதில் விழும்படி திரும்பச் சொல்லியிருக்கலாம்.

"வாக்காளர் தியேப் வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

நான் பாங்கைப் பார்க்காமல் அட்டையை அவள் பக்கம் தள்ளினேன்.

"வந்துட்டார், அத்தை."

"உயரமா இருப்பார்னு நெனைச்சேன்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, பட்டியலில் கடைசிப் பெயருக்கு நேராகக் குறியிட்டாள். "இந்தாங்க. ரெண்டு பேரை அடிக்கணும். கொறைச்சலா அடிச்சா செல்லாது. தெரியாதவங்களுக்குச் சொல்றது என் கடமை."

பாங் அந்தச் சமயம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பி, கொடி பறக்கிற அழகைக் கவனிக்க ஆரம்பித்தார். கொடி பறக்கவில்லை, காற்றே இல்லை. கொடியைப் பார்த்தபடியே அம்மாவிடம் சொன்னார், பொண்ணை நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு அனுப்புங்கள், முத்திரையை வாங்கிக்கொண்டு ஹனோய் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று. அம்மா பலகையைப் பிடித்துக்கொண்டாள். சாக்பீஸ் தூள் அவள் கையில் ஒட்டியது. என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

மறைப்புக்குள் போனேன். ஒரு மேசை, நூலில் கட்டிய ஒரு பேனா. ஐந்து பெயர்கள். அவர்கள் யார் என்று படித்துவிட்டு அடிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். வாழ்க்கைக் குறிப்புகள் வெளியே சுவரில் இருந்தன, நேரம் எட்டு நிமிடம் இருந்தது. பேனாவை எடுத்தேன். ஒன்றை அடித்தேன். இரண்டாவது கோடு கொஞ்சம் கோணலாகப் போய் மூன்றாவது பெயரின் வாலைத் தொட்டுவிட்டதோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தொடவில்லை. மிச்சம் மூன்று. மறுபடி எண்ணினேன், மூன்று. அம்மா சனிக்கிழமை எண்ணியது போலவே விரல் வைத்து மூன்றாம் தடவையும் எண்ணினேன்.

நாலாக மடித்தேன். வெளியே வந்து, சிவப்புத் துணி சுற்றிய பெட்டியின் வாயில் போட்டேன். சத்தமே வரவில்லை. பிறகு மேசைக்குத் திரும்பி, தியேப்பின் அட்டையில் முத்திரை விழும்வரை இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி நின்றேன்.